மூன்றாவது பொத்தான்

திருவாலங்காடு
14 ஜூன் 2025

ஜெனிபர்,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். வலது பக்கக் காறை எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூண்டி ஏரிக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மேட்டில் நான் விழுந்து கிடந்தபோது, உன் முன்சக்கரம் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. டயரிலிருந்து மண் என் வாயில் விழுந்தது. நீ நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவதாக வந்து, விளையாட்டு விடுதியில் எனக்கு வந்திருக்க வேண்டிய இடத்தை வாங்கிக்கொண்டாய். பந்தயம் என்றால் அப்படித்தான் என்று உன்னை விட்டுவிடலாம். உன் அண்ணனை விடமாட்டேன்.

மேட்டில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தேன். கியர் பொத்தான் எதையும் நான் தொடவில்லை. கியர் தானாக மாறியது. ஒன்றல்ல, சரசரவென்று நான்கைந்து. காலுக்கு அடியில் பெடலே காணாமல் போன மாதிரி இருந்தது. அப்புறம் ஹேண்டில்பார், அப்புறம் கல்.

ரோடு சைக்கிளின் பொத்தானையும் மலை சைக்கிளின் கியரையும் ஒரே வண்டியில் கலக்காதே என்று நம் பந்தயங்களை நடத்தும் சந்திரமோகன் சார் அப்போதே சொன்னார். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசும் சார், நான் பேச வச்சிட்டேன்" என்று உன் அண்ணன் ராபின் சிரித்தார். பேசிய லட்சணத்தைத்தான் பார்த்தோமே.

சார் சென்னையில் தன் சைக்கிள் கடையில் ஜூலையிலிருந்து உன் அண்ணனுக்கு மெக்கானிக் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார் அல்லவா? நேற்று எங்கள் நைனா அவருக்குப் போன் செய்தார். இனி அந்த வேலை இல்லை. உன் அண்ணன் சிப்காட்டில் இரும்புக் கம்பியே இழுத்துக்கொண்டிருக்கட்டும்.

நைனா என் போனிலிருந்து சிம்மைப் பிடுங்கிவிட்டார். உன் வீட்டில் இருப்பது உன் அண்ணன் போன் ஒன்றுதான், அதில் பேச எனக்கு இஷ்டமில்லை. அதனால் உன் பள்ளிக்கூட விலாசத்தில் மெர்சி மிஸ் பெயருக்கு இதை அனுப்புகிறேன். பதில் எழுதுவதாக இருந்தால் வீட்டுக்கே எழுது. காலையில் நைனா கழனிக்குப் போய்விடுவார். தபாலை நானே வாங்கிக்கொள்வேன்.

அக்கா என்று மட்டும் எழுதாதே.

பூமிகா

•

கும்மிடிப்பூண்டி
18 ஜூன் 2025

பூமிகா,

அக்கா என்று எழுதவில்லை. சந்தோஷம்தானே?

அப்பா இரவு ஷிப்டுக்குப் போன பிறகு, அம்மாவும் அண்ணனும் தூங்கிய பிறகு, அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அண்ணன் புரண்டு படுத்தால் பேனாவை நிறுத்திவிடுகிறேன். உனக்குக் கடிதம் எழுதுவது தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. மெர்சி மிஸ் உன் கடிதத்தை என் கையில் கொடுத்து, "யாரு ஜெனி இது, கோழி கிறுக்குன மாதிரி எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

என் அண்ணனைப் பற்றி நீ பேசாதே. உன் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து என்ன அனுப்பினார்? சங்கிலியைத் தள்ளும் டீரெய்லர் ஒன்று மட்டும். அதுவும் பழையது. அதை இயக்கும் பொத்தான் இல்லாமல் அது வெறும் இரும்பு. புதுப் பொத்தான் வர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். நீதான் அழுதாய். சந்திரமோகன் சார் கடையில் யாரோ வேண்டாம் என்று விட்டுப் போன ரோடு சைக்கிளின் பொத்தான்களை அண்ணன் கேட்டு வாங்கி, ஷிப்டு முடிந்து வந்து, கையில் இரும்பு வாடை போகாமலே உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து வைத்தார். உன் வண்டிக்கு. என் வண்டிக்கு இல்லை. என்னுடையதில் இன்றைக்கும் பழைய கம்பி கியர்தான்.

கியர் தானாக மாறாது. நீ அமுக்கியிருப்பாய். மலை சைக்கிள் என்றால் ஒரே கட்டைவிரலுக்கு இரண்டு பொத்தான். இது ரோடு சைக்கிள் முறை. வலது கைப் பொத்தான் கனமாக்கும், இடது கைப் பொத்தான் இலகுவாக்கும். உனக்குப் பதற்றத்தில் இடம் வலம் மறந்திருக்கும். விழுந்ததும் பழியைத் தூக்கி மெக்கானிக் மேல் போட்டுவிட்டாய்.

உங்கள் வீட்டுக்கு அண்ணன் வண்டி பொருத்த வந்த நாளில் நானும் வந்தேன். நினைவிருக்கிறதா? "ஊட்டுக்குள்ள கரண்டு இல்லப்பா, பம்புசெட்டு ஷெட்டுல வச்சிப் பாரு" என்றார் உன் நைனா. நாங்கள் ஷெட்டுக்குப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணனும் பார்த்தார். நான்கு மணி நேரம் கொசுக்கடியில் உட்கார்ந்து உன் கியரைச் சரி செய்தார்.

அவர் வேலையைக் கெடுத்ததற்கு நீ சாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஜெனிபர்

•

திருவாலங்காடு
23 ஜூன் 2025

ஜெனிபர்,

நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? நல்ல கூத்து.

நான்கு மாதம் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். ஒருநாள்கூட இடம் வலம் மாறியதில்லை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். விழும்போது என் இரண்டு கட்டைவிரலும் பாரை இறுக்கிப் பிடித்திருந்தன. இடது கட்டைவிரல் நகம் பாருக்கு அடியில் சிக்கிப் பெயர்ந்திருக்கிறது. பொத்தான் இருப்பது பாருக்கு மேலே. அடியில் சிக்கிய விரலால் மேலே இருப்பதை எப்படி அமுக்குவது என்று நீயே சொல்.

மின்விசிறி சுற்றியது எனக்கும் தெரியும். நானும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எழுந்து வெளியே வந்து ஷெட்டில் உங்களோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உடைந்தது என் எலும்பு. அதற்கும் மின்விசிறிக்கும் முடிச்சுப் போடாதே.

நைனா வண்டியை வைக்கோல் போருக்குப் பின்னால் போட்டுவிட்டார். "அத்தத் தொட்டீனா கால ஒடப்பேன், கைதான் ஏற்கெனவே போச்சே" என்றார். அவர் கழனிக்குப் போன பிறகு அம்மாவிடம் உள்ளே எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். கியரில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்து சாருக்கே எழுதி அனுப்புவேன். அதற்கப்புறம் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் உன் அண்ணன் ஒரு ஸ்பேனரைத் தொட முடியாது.

பூமிகா

•

கும்மிடிப்பூண்டி
27 ஜூன் 2025

பூமிகா,

கண்டுபிடி. கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

உனக்கு ஒரு சந்தோஷமான செய்தி சொல்கிறேன். நீ இனிமேல் யாருக்கும் எழுத வேண்டியதில்லை. அண்ணனே நம்பிவிட்டார். தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஷிப்டு முடிந்து வந்ததும் என் பழைய கணக்கு நோட்டை எடுத்து, பின்பக்கத்தில் கியரின் படத்தை வரைகிறார், அடிக்கிறார், மறுபடி வரைகிறார். நேற்று அம்மா சோற்றை வைத்துவிட்டு, "இன்னாடா ராபினு, எறா கொழம்பு வச்சிக்கினு பேய் மாதிரி பாத்துக்கினு கீற?" என்றார். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியலம்மா. தெரிஞ்சா தூங்கிடுவேன்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

கம்பி மில்லில் சிவப்பாகப் பழுத்த கம்பி உருளையிலிருந்து பாம்பு மாதிரி வரும். கவனம் போனால் காலைச் சுற்றும். அப்பாவின் கணுக்காலில் அந்தத் தழும்பு இருக்கிறது. அண்ணன் இப்போது அந்த வேலையில் நின்றுகொண்டு உன் கியரைப் பற்றி யோசிக்கிறார். அவருக்கு ஏதாவது ஆனால் நீதான் காரணம்.

சாரிடம் போய், விழுந்தது என் தப்புதான் என்று சொல். உனக்கு என்ன குறைந்துவிடும்? கழனி இருக்கிறது, சித்தப்பா இருக்கிறார். அண்ணனுக்கு அந்த வேலை ஒன்றுதான் வெளியே போகிற வழி.

அண்ணன் இருமுகிறார். நிறுத்துகிறேன்.

ஜெனிபர்

•

திருவாலங்காடு
2 ஜூலை 2025

ஜெனிபர்,

வண்டியை உள்ளே எடுத்துவந்தாயிற்று. பேட்டரியைச் சார்ஜ் செய்து மாட்டினேன். சிம் இல்லாவிட்டாலும் கியருக்கான ஆப் என் போனில் இருக்கிறது. பக்கத்தில் வைத்தால் போதும், எந்தெந்தப் பாகம் கியரோடு இணைந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். இதுவரை நான் அதைத் திறந்ததே இல்லை. உன் அண்ணன்தான் எல்லாம் பார்த்துக்கொள்வாரே.

டீரெய்லர் ஒன்று. வலது பொத்தான் ஒன்று. இடது பொத்தான் ஒன்று.

அதற்குக் கீழே இன்னொரு இடது பொத்தான்.

என் வண்டியில் இரண்டு பொத்தான்தான் இருக்கிறது. பாரைத் தடவிப் பார்த்தேன், டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டுதான். அப்படியானால் என் கியரை மாற்றக்கூடிய மூன்றாவது பொத்தான் ஒன்று வேறு எங்கோ, வேறு யார் கையிலோ இருக்கிறது.

கோளாறு என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. தன் தங்கை ஜெயிக்க வேண்டும் என்று உன் அண்ணன் எங்கேயாவது புதர் மறைவில் உட்கார்ந்து அமுக்கினாரா? நான்கு மாதமாக அண்ணா அண்ணா என்று கூப்பிட்டேனே, அதற்கா?

பத்தாம் தேதிக்குள் எனக்குப் பதில் வேண்டும். வரவில்லை என்றால் போனை அப்படியே நைனா கையில் கொடுத்துவிடுவேன். அவர் உன் வீட்டுக்குத் தனியாக வரமாட்டார்.

பூமிகா

•

கும்மிடிப்பூண்டி
5 ஜூலை 2025

பூமிகா,

சத்தியமாக அண்ணன் இல்லை. தயவுசெய்து உன் நைனாவிடம் சொல்லாதே.

அந்தப் பொத்தான் பரிசோதனைக்கு. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி மாட்டினால் அண்ணன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு முறையும் எழுந்து போய் ஹேண்டில்பாரில் அமுக்க முடியாது என்று, கூட ஒரு பொத்தானை இணைத்துக் கையில் வைத்துக்கொண்டே சரி பார்ப்பார். அது அவர் பழக்கம். வேலை முடிந்ததும் கழற்றிவிட மறந்திருப்பார். அது அவருடைய டப்பாவில்தான் இருக்கிறது. டப்பாவில் இல்லை என்றால் எங்கேயாவது தொலைந்திருக்கும். யாராவது மிதித்திருக்கலாம். எலி இழுத்துப் போயிருக்கலாம்.

அண்ணன் அன்றைக்குப் பந்தயத்துக்கே வரவில்லை. மில்லில் லீவு கொடுக்கவில்லை. உனக்கே தெரியும், காலையில் உனக்குப் போன் செய்து டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொன்னாரே.

ஆகவே அவர் இல்லை.

ஜெனிபர்

•

கும்மிடிப்பூண்டி
9 ஜூலை 2025

பூமிகா,

போன கடிதத்தைப் போட்ட பிறகுதான் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. அவர் இல்லை என்றால் யார் என்று நீ கேட்பாய். நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அடித்தல் திருத்தல் இருக்கும்.

நான்தான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் டப்பாவிலிருந்து எடுத்தேன். என் இடது கைப்பிடிக்கு அடியில் கருப்பு டேப் சுற்றி ஒட்டினேன். உனக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் வேலை செய்யும் என்று தெரியும். பத்தடி இருபதடி என்றால் போதும். அண்ணன் கற்றுக் கொடுத்ததுதான் எல்லாம்.

உன்னை விழவைக்க நினைக்கவில்லை. இதை நீ நம்பமாட்டாய். ஒரே ஒரு கியர் இலகுவானால் நீ சும்மா காலைச் சுற்றுவாய், வண்டி நகராது, நான் தாண்டிவிடுவேன். அவ்வளவுதான் கணக்கு. மேட்டில் நீ எழுந்து நின்றாய். அமுக்கினேன். பயத்தில் கட்டைவிரலை எடுக்கவில்லை. அமுக்கிப் பிடித்தால் வரிசையாக மாறிக்கொண்டே போகும்படி அண்ணன் வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் விரல் வரவில்லை. நீ விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எடுத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். பார்த்திருந்தால் நின்றிருப்பேன். அதனால்தான் பார்க்கவில்லை.

ஏன் என்று கேட்டால், பிப்ரவரியில் ஒருநாள் அண்ணன் உன் வண்டியைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "நம்ம ஜெனி நல்லா ஓட்டும். ஆனா மேட்டுல ஏர்றதுக்குன்னே பொறந்தது அந்தப் பொண்ணுதாம்மா." நான் கதவுக்குப் பின்னால் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். உன் வீட்டு மின்விசிறியைவிட அதுதான் எனக்கு எரிந்தது. மின்விசிறியைப் பற்றி உனக்கு எழுத முடிந்தது. இதை எழுத முடியவில்லை.

படம் வரைந்து வரைந்து அந்தப் பொத்தான் அவருக்கே நினைவு வந்துவிட்டது போல, இரண்டு நாளாக அண்ணன் டப்பாவைக் கொட்டிக் கொட்டித் தேடினார். நேற்று, "ஜெனி, சின்னப் பட்டன் ஒண்ணு இருந்துச்சே, பாத்தியா?" என்றார். "இல்லண்ணா" என்றேன். என் சைக்கிளின் இடது கைப்பிடியைப் பார்த்தார். டேப்பின் பசை அங்கே இன்னும் இருக்கிறது, மண் ஒட்டிக் கருப்பாக. இன்று ஷிப்டுக்குப் போகாமல், தேவாலயத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு விடியும் முன்னே கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. ராத்திரிதான் வந்தார். சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்று தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பயமாக இருக்கிறது. உன் நைனா வருவார். போலீஸ் வரும். விடுதியில் இடம் போய்விடும். அப்பா செருப்பால் அடிப்பார். அதெல்லாம்கூடப் போகட்டும். அண்ணன் என்னை எப்படிப் பார்ப்பார் என்பதை நினைத்தால்தான் முடியவில்லை.

இதை யாரிடம் காட்டுவாயோ காட்டு.

ஜெனிபர்

•

திருவாலங்காடு
10 ஜூலை 2025

ஜெனிபர்,

உன் ஐந்தாம் தேதிக் கடிதம் கிடைத்தது. எலியா? எலி!

பதில் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் நேற்று வேறொன்று நடந்துவிட்டது. உன் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நைனா அவரைக் களத்திலேயே நிறுத்திவிட்டார். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னாடா மெக்கானிக்கு, இன்னும் எதுனா எலும்பு பாக்கி கீதான்னு பாக்க வந்தியா?"

"தப்பு என் மேலதான் சார். கியர் மேல இல்ல. கூட ஒரு பட்டன் கனெக்ட் பண்ணி வச்சிருந்தேன். அது என் பாக்கெட்ல இருந்துச்சு. தெரியாம அமுந்துடுச்சு."

"நீ அன்னிக்கி அங்க எங்கடா இருந்த?"

"மேட்டுக்கிட்ட ஓரமா நின்னுக்கினு இருந்தேன் சார். யாரும் பாக்கல."

நைனா அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. "நாத்து உட்ற வேல முடியட்டும். இருபதாம் தேதி ஸ்டேஷனுக்கு வந்து இத்தையே எழுதிக் குடு" என்றார் நைனா. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, அந்த வெயிலில் ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று காலை எட்டு மணிக்கு அவர் போனில் பேசியபோது பின்னால் இரும்பு உருளும் சத்தம் காதைப் பிளந்தது. எட்டரைக்குப் பந்தயம். ஒன்பதுக்கு நான் விழுந்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து பூண்டி மேட்டுக்கு ஒரு மணி நேரத்தில் பறந்தா வந்தார்? மனுஷனுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை.

அந்தப் பொத்தான் பக்கத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். அன்றைக்கு எனக்குப் பின்னால் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

நைனாவிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நீ திறப்பாயா என்று பார்க்கிறேன்.

பூமிகா

•

திருவாலங்காடு
14 ஜூலை 2025

ஜெனிபர்,

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் வந்தது. நான் கேட்பதற்கு முன்பே எழுதியிருக்கிறாய். தேதியைப் பார்த்தேன். அது ஒன்றுதான் உன் பக்கத்தில் இருக்கிறது.

மற்றபடி உன்னை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது. குளிக்க அம்மா வேண்டும், தலை வார அம்மா வேண்டும், தும்மினால் உயிர் போகிறது. நீ பல் துலக்கிக்கொண்டே கேட்ட ஒரு வார்த்தைக்காக இதெல்லாம். அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க உனக்கு ஒரு மேடு இருந்தது. ஏறியிருக்கலாமே.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டமாட்டேன். அது உனக்கு வசதி. நீயே போய்ச் சொல். சாரிடம், அவர் கடையில், நேருக்கு நேர். அவர் உடனே எங்கள் நைனாவுக்குப் போன் செய்ய வேண்டும். உன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போ, அவர் காதில் விழட்டும். இருபதாம் தேதிக்குள். இல்லாவிட்டால் அவர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுவார். எழுதிக் கொடுப்பார், எனக்கு அவரைத் தெரியும்.

பூமிகா

•

கும்மிடிப்பூண்டி
21 ஜூலை 2025

பூமிகா,

சனிக்கிழமை போனேன். அம்மாவிடம் மட்டும் முதலில் சொன்னேன். அடிக்கவில்லை, முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றார். அண்ணனிடம், சார் உன்னைக் கூப்பிட்டார் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போனேன். கடைசிப் பொய்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். பரவாயில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அண்ணன், "சார், அது சின்னப் பொண்ணு, என்னக் காப்பாத்த உளறுது" என்றார். நான் பொத்தானை எடுத்து மேசையில் வைத்தேன். அதில் டேப் இன்னும் ஒட்டியிருந்தது.

சார் என்னை இரண்டு வருஷத்துக்குப் பந்தயத்திலிருந்து நீக்கிவிட்டார். விடுதிக்கும் எழுதிவிட்டார். உன் நைனாவுக்கு என் எதிரிலேயே போன் செய்தார். அந்தப் பக்கம் அவர் போட்ட சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. கடைசியில் ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டியதில்லை என்று முடிந்தது. நீதான் ஏதோ சொல்லியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அண்ணனைப் பார்த்து சார், "ஒண்ணாந்தேதி வந்துரு. ஆனா டெஸ்ட் பட்டன வேல முடிஞ்ச ஒடனே கழட்டணும். அது ஒன் தப்பு" என்றார். "ஆமா சார்" என்றார் அண்ணன்.

ரயில் மீஞ்சூர் தாண்டியது. அப்புறம் அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அமுக்கிப் புடிச்சியா, இல்ல உட்டு உட்டு அமுக்குனியா?"

"அமுக்கிப் புடிச்சேன்."

"அப்ப கியரு சரியாத்தான் வேல செஞ்சிருக்கு."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து படுத்து, மறுநாள் மதியம் வரை தூங்கினார். எழுந்த பிறகும் என்னோடு பேசவில்லை. இன்றோடு இரண்டு நாள். அப்பாதான் அடித்தார். அது வலிக்கவில்லை.

பொத்தானை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே உடைத்துப் போடு. என்னிடம் இருக்க வேண்டாம்.

மன்னித்துவிடு என்று எழுத மூன்று முறை முயன்று கிழித்தேன்.

ஜெனிபர்

•

திருவாலங்காடு
30 ஜூலை 2025

ஜெனிபர்,

வலது கையால் எழுதுகிறேன். கட்டுப் பிரித்தாயிற்று. எழுதினால் தோள் வலிக்கிறது, அதனால் சுருக்கமாக.

மன்னிக்கவில்லை. அதை முதலில் தெரிந்துகொள்.

சித்தப்பா மலை சைக்கிளுக்கே உரிய புதுப் பொத்தானை வாங்கி அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ராபின் அண்ணா சேர்த்துக் கொடுத்தது அப்படியே இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து சரி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூடத்தில் வைத்துத்தான் பார்ப்பார். நைனாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். மின்விசிறிக்குக் கீழே ஸ்டாண்டை நானே இழுத்துப் போட்டிருக்கிறேன், ஒற்றைக் கையால்.

ஜனவரியில் மாநிலப் பந்தயம். நான் ஓட்டுவேன். நீ ஓட்ட முடியாது, ஆனால் வருவாய்.

பொத்தானை உடைக்கவில்லை. என் கியரிலிருந்து அதை நீக்கவும் இல்லை. ஆப்பில் இன்னும் மூன்று பொத்தான்தான் காட்டுகிறது. ராபின் அண்ணா நீக்க வந்தாலும் விடமாட்டேன். இத்துடன் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். புது பேட்டரி போட்டிருக்கிறேன்.

பந்தயத்தன்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு வா. புறப்படுவதற்கு முன் என் எதிரில் ஒருமுறை அமுக்கு. என் கியர் மாற வேண்டும், என் காதால் கேட்க வேண்டும். அப்புறம் போய், மேட்டில் மிகவும் செங்குத்தான இடம் எதுவோ அங்கே, பாதையை ஒட்டி நில். கையை மூடாதே. உள்ளங்கையில் பொத்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

நான் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு உன்னைத் தாண்டிப் போவேன்.

பூமிகா